நன்றிப் பக்கமும் ஒரு பாடம்

எங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலர் வெளியான மறுநாள் காலை, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மலரைக் கையில் பிடித்தபடி என் மேசையருகே வந்து நின்றாள்.

"எங்க அப்பத்தா பேரு எந்தப் பக்கத்துல இருக்கு டீச்சர்? ராத்திரி முழுக்கத் தேடினோம். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் ஒவ்வொரு பக்கமா வாசிச்சேன்" என்றாள்.

அவளுடைய அப்பத்தா எங்கள் பள்ளியின் சத்துணவுக்கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பீரோவில் கிடைத்த ஒரு குழுப் புகைப்படத்தில் 34 குழந்தைகள் இருந்தார்கள். பின்புறம் ஒரு பெயரும் எழுதப்படவில்லை. அந்த அம்மா அரை நாள் பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, முகம் முகமாகத் தொட்டுக் காட்டி, 29 பேரின் பெயரைச் சொன்னார். யார் எந்த ஊருக்கு வாக்கப்பட்டார், யார் இப்போது இல்லை என்பதையும் சொன்னார். அந்த 29 பெயர்களும் படத்தின் கீழ் அழகாக அச்சாகியிருந்தன. நன்றிப் பக்கத்தில் 11 பெயர்கள் இருந்தன. எல்லாமே விழா மேடையில் அமர்ந்தவர்களின் பெயர்கள். அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான். இப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் வரலாற்றைத் தொகுப்பவர்கள் யாருக்கு, எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது. சமூக அறிவியல் கற்பிக்கும் நான் அதுவரை எந்த நூலிலும் நன்றிப் பக்கத்தை நின்று வாசித்ததே இல்லை.

ஏன் ஒரு வேல்ஸ் ஊர்?

உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவரும் வழிகளைத் தேடிப் படித்தபோது வேல்ஸ் நாட்டின் புதிய கலைத்திட்டம் கண்ணில் பட்டது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தக் கலைத்திட்டத்தில் 'கனெவின்' என்ற வேல்ஸ் மொழிச் சொல் அடிக்கடி வருகிறது. நமக்குப் பழகிய இடம், நாம் சேர்ந்தவர்கள் என்று உணரும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். குழந்தை தன் ஊரையும் சுற்றுப்புறத்தையும் அறிந்து, அங்கிருந்து உலகை நோக்கி நடக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லின் பின்னுள்ள எண்ணம்.

அப்படியானால் ஓர் ஊரின் வரலாறு ஆசிரியரின் கைக்கு எங்கிருந்து வருகிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டேன். வேல்ஸின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவை ஒட்டியுள்ள அபெரிஸ்ட்வித் என்ற சிறு நகரம் அது. 'அபெர்' என்றால் ஆற்றின் முகத்துவாரம். ரைடோல், இஸ்ட்வித் என்ற இரண்டு ஆறுகள் அதன் துறைமுகத்தருகே கடலில் கலக்கின்றன.

அரசர் முதலாம் எட்வர்ட் 1277-இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். உள்நாட்டுப் போருக்குப் பின் 1649-இல் அது தகர்க்கப்பட்டது. 1864-இல் ரயில் வந்தது. கோடை விடுமுறையைக் கழிக்க வருவோர் பெருகினர். கடலோரம் தங்கும் விடுதிகளும் கடலுக்குள் நீளும் உலாப் பாலமும் எழுந்தன. 1896-இல் அருகிலுள்ள குன்றின் மீது ஏறும் ரயில் வந்தது.

இந்தச் சுருக்கத்தை எந்தக் கையேட்டிலும் பார்க்கலாம். அரசர், கோட்டை, ரயில் என்று ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஊரில் வாழ்ந்தவர்களின் வரலாறு வேண்டுமென்றால் வேறு சிலரின் கதவைத் தட்ட வேண்டும். அந்தச் சிலர்தான் நன்றிப் பக்கத்திற்கு உரியவர்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலாவது, நாட்பதிவேடு எழுதிய தலைமை ஆசிரியர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு மானியம் பெற்ற தொடக்கப் பள்ளிகள் 'லாக் புக்' எனப்படும் நாட்பதிவேட்டை எழுத வேண்டும் என்பது 1862-ஆம் ஆண்டின் திருத்திய கல்வி விதிகளால் கட்டாயமானது. மானியம் மாணவர் வருகையையும் தேர்ச்சியையும் பொறுத்தே கிடைத்தது. எனவே வருகை குறைந்தால் அதற்கான காரணத்தைத் தலைமை ஆசிரியர் எழுதி வைத்தார். கடும் மழை, அம்மை, அறுவடை, சந்தை நாள், ஊருக்கு வந்த சர்க்கஸ் என்று காரணங்கள் நீண்டன. பொதுவான சொந்தக் கருத்துகளைப் பதிவேட்டில் எழுதக் கூடாது என்றும் விதி இருந்தது.

அந்த ஆசிரியர்கள் தாங்கள் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆய்வாளர் வந்தால் காட்ட வேண்டுமே என்று எழுதினார்கள். ஆனால் ஓர் ஊரில் எந்த ஆண்டு நோய் பரவியது, எந்த மாதம் பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள், வீட்டில் வேல்ஸ் மொழி பேசிய குழந்தை பள்ளியில் ஆங்கிலத்தோடு எப்படி மல்லுக்கட்டியது என்பதை அறிய இன்று வரலாற்று ஆர்வலர்கள் முதலில் தேடிப்போவது அந்தப் பதிவேடுகளைத்தான். அவற்றில் பல இப்போது மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அபெரிஸ்ட்வித்தில் கெரெடிகியோன் மாவட்டக் காப்பகம் பழைய நகர மண்டபத்திலேயே இயங்குகிறது.

அலுப்போடு பதிவேடு எழுதும் நம் ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. "இன்று வருகை குறைவு" என்று மட்டும் எழுதினால் அது கணக்கு. "கண்மாய் உடைந்ததால் மேலத்தெருப் பிள்ளைகள் வரவில்லை" என்று எழுதினால் அது ஊர் வரலாறு.

இரண்டாவது, சில்லறை கொடுத்தவர்கள்

அபெரிஸ்ட்வித் கடற்கரையில் கோபுரங்களோடு ஒரு பெரிய கல் கட்டடம் நிற்கிறது. ரயில் பாதை அமைத்த தாமஸ் சாவின் என்பவர் அதைப் பெரிய விடுதியாகக் கட்டத் தொடங்கினார். பணி முடியும் முன்பே நொடித்துப்போனார். வேல்ஸுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று பாடுபட்ட குழுவினர் 1867-இல் அதை 10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். 1872 அக்டோபரில் அங்கே கல்லூரி தொடங்கியது.

முதல் பத்தாண்டுகள் அரசு மானியம் கிடைக்கவில்லை. மக்களின் நன்கொடையே கல்லூரியைத் தாங்கியது. 1875 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் 'பல்கலைக்கழக ஞாயிறு' என்று அறிவித்து வேல்ஸ் முழுவதும் வழிபாட்டுக் கூடங்களில் காணிக்கை திரட்டினார்கள். சுரங்கத் தொழிலாளரும் விவசாயிகளும் தங்களால் இயன்ற சிறு காசைப் போட்டார்கள். தங்கள் பிள்ளை அங்கே படிப்பான் என்ற உறுதி அவர்களில் பலருக்கு இருந்திருக்காது.

பெரும் தொகை கொடுத்தவரின் பெயர் கல்வெட்டில் ஏறிவிடும். காசு போட்டவரின் பெயர் எங்கே இருக்கும்? வழிபாட்டுக் கூடத்தின் கணக்கேட்டில் இருக்கும், அல்லது அந்நாளைய செய்தித்தாளில் வெளியான நன்கொடைப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலை ஒருவர் தாளோடு தாளாகப் பாதுகாத்திருந்தால்தான் அந்தப் பெயர்கள் நம்மிடம் வந்து சேரும்.

அப்படிப் பாதுகாக்கும் இடமும் அதே ஊரில் அமைந்தது. 1907-இல் அரச சாசனம் பெற்ற வேல்ஸ் தேசிய நூலகம் அபெரிஸ்ட்வித்தின் குன்றின் மேல் நிற்கிறது. மருத்துவர் சர் ஜான் வில்லியம்ஸ் தம் அரிய சுவடித் தொகுப்பை அளித்தது அதற்குப் பெரும் தொடக்கமாக அமைந்தது. 1919 வரையிலான வேல்ஸ் செய்தித்தாள்களின் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை அந்த நூலகம் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. உள்ளூர் இதழான 'கேம்பிரியன் நியூஸ்' அவற்றுள் ஒன்று.

மூன்றாவது, படம் எடுத்தவரும் படத்தில் இருப்பவரும்

ஜான் தாமஸ் (1838–1905) அதே மாவட்டத்தில் பிறந்தவர். லிவர்பூல் நகரில் துணிக்கடை ஊழியராக இருந்து பின் புகைப்படக் கலைஞரானார். வேல்ஸ் முழுவதும் சுற்றி, பிரபலங்களை மட்டுமன்றி தபால்காரர், கூலித் தொழிலாளி, முதியோர், வழிபாட்டுக்கு வந்த சாதாரண மக்கள் என அனைவரையும் படம் எடுத்தார். அவருடைய கண்ணாடித் தகடுகளில் 3,000-க்கும் மேற்பட்டவை தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றை அவரிடமிருந்து வாங்கித் தம் இதழில் பயன்படுத்தியவர் கல்வியாளர் ஓ. எம். எட்வர்ட்ஸ்.

படத்தின் கீழே "நன்றி: இன்னார்" என்று அச்சிடும்போது படம் எடுத்தவரையோ உரிமையாளரையோ குறிப்பிடுகிறோம். படத்தில் நிற்பவரை அடையாளம் காட்டியவரைக் குறிப்பிடுகிறோமா? பெயர் தெரியாத முகம் ஆவணக் காப்பகத்தில் "ஒரு மூதாட்டி" என்றே கிடக்கும். அவரை இன்னார் என்று சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் காலம் முடிந்தால் அந்தப் பெயரும் முடிந்தது. என் 29 பெயர்களின் மதிப்பு எனக்கு உறைத்தது இங்கேதான்.

நான்காவது, படியெடுத்த தன்னார்வலர்

1836-ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருச்சபைக்கு விளைபொருளாகச் செலுத்திய பத்தில் ஒரு பங்கு வரி பணமாக மாற்றப்பட்டது. அதற்காக ஊர் ஊராக நிலவரைபடம் தயாரித்தார்கள். எந்தப் புலம் யாருடையது, யார் உழுகிறார், புலத்தின் பெயர் என்ன, என்ன விளைகிறது என்று இணைப்பேட்டில் எழுதினார்கள். நம் ஊர்ப் புலப்படத்தையும் அடங்கலையும் சேர்த்துப் பார்ப்பது போன்றது அது.

வேல்ஸின் இத்தகைய 1,200-க்கும் மேற்பட்ட வரைபடங்களை மின்னுருவாக்கியபோது, இணைப்பேடுகளில் கையால் எழுதியிருந்ததைப் படித்துத் தட்டச்சு செய்தவர்கள் தன்னார்வலர்கள். அந்தத் திட்டத்தின் பெயரும் 'கனெவின்'தான். இன்று ஒரு மாணவர் தன் ஊர்ப் புலத்தின் பழைய பெயரைத் தேடினால் நொடியில் கிடைக்கிறது. அந்த நொடிக்குப் பின்னால் ஒருவர் மங்கிய எழுத்தோடு கழித்த மாலைப்பொழுதுகள் இருக்கின்றன.

வேல்ஸ் மொழியில் வட்டார மக்களே நடத்தும் சிறு செய்தி இதழ்களும் இப்படித்தான். 1973 முதல் தோன்றிய இவ்விதழ்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடக்கின்றன. அபெரிஸ்ட்வித் வட்டாரத்தின் இதழுக்கு நங்கூரம் என்று பொருள்படும் 'அர் ஆங்கோர்' என்பது பெயர். பிறப்பு, இறப்பு, பள்ளி விழா, சங்கக் கூட்டம் என அதில் வரும் சிறு செய்திகள் நாளைய வரலாற்றுக்கு மூலப்பொருள்.

ஐந்தாவது, நினைவிலிருந்து சொன்னவர்

1939-இல் அபெரிஸ்ட்வித்தில் ஒரு சிறு பள்ளி தொடங்கியது. வேல்ஸ் மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்ட முதல் தொடக்கப் பள்ளி அது. தொடங்கியவர் இளைஞர் இயக்கத் தலைவர் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ். ஆசிரியை நோரா ஐசக். முதல் நாள் மாணவர்கள் 7 பேர். இன்று வேல்ஸ் முழுவதும் தாய்மொழிவழிப் பள்ளிகள் உள்ளன. அந்த ஏழு பேரில் ஒருவர் தன் வகுப்பறையைப் பற்றிச் சொன்னால், எந்த அரசாணையிலும் இல்லாத செய்தி அதில் கிடைக்கும்.

1963 பிப்ரவரி 2 அன்று, நீதிமன்ற அழைப்பாணை வேல்ஸ் மொழியிலும் வேண்டும் என்று கோரி இளைஞர்கள் அந்நகரின் ட்ரெவெக்கன் பாலத்தில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். செய்தித்தாள் அதை ஒரு விதமாக எழுதும். பாலத்தில் அமர்ந்தவர் வேறு விதமாகச் சொல்வார். அன்று வேலைக்குப் போக முடியாமல் பாலத்தருகே நின்றவர் இன்னொரு விதமாகச் சொல்லக்கூடும். மூவரிடமும் கேட்டிருந்தால் நன்றிப் பக்கத்தில் மூவரும் இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த விதமாகச் சொன்னவரை மட்டும் குறிப்பிடுவது நேர்மையாகாது.

1938 ஜனவரியிலும் 2014 ஜனவரியிலும் வந்த புயல்கள் அந்நகரின் கடற்கரை உலாச்சாலையைக் கடுமையாகச் சேதப்படுத்தின. முதல் புயலை அறிய வீட்டு ஆல்பங்களையும் முதியவர்களையும் தேட வேண்டும். இரண்டாவது புயலின் படங்கள் பலரின் கைப்பேசிகளில் இருக்கும். இரண்டுக்கும் தேதியும் எடுத்தவர் பெயரும் எழுதி வைத்தால்தான் பயன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நினைவைத் தந்தவர் எல்லோரும் பெயர் வெளியாவதை விரும்ப மாட்டார்கள். பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 100 ஆண்டுகள் மூடியே வைக்கப்படுகின்றன. எனவே "உங்கள் பெயரைப் போடலாமா?" என்று கேட்பதும் நன்றியின் ஒரு பகுதி. வேண்டாம் என்றால், "பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்" என்று எழுதினால் போதும்.

நன்றி எழுதும் முறை

இவற்றிலிருந்து நான் எனக்கென்று வகுத்துக்கொண்டவை நான்கு.

1. பதவியின் வரிசையில் அல்ல, பணியின் வரிசையில் எழுத வேண்டும். யாருக்கு என்பதோடு எதற்காக என்பதும் இடம்பெற வேண்டும்.

2. "உதவிய அனைவருக்கும் நன்றி" என்ற வரி யாரையும் சென்று சேராது. அதை எழுதும் முன் ஒருமுறை குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

3. மறைந்தவர்களுக்கும் இடம் உண்டு. நாட்பதிவேடு எழுதிய பழைய தலைமை ஆசிரியருக்கு நன்றி சொல்லலாம்.

4. தந்தவர்கள் உண்மையைத் தந்தார்கள், தவறு இருந்தால் அது தொகுத்தவருடையது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். திருத்தம் அனுப்ப வழியும் காட்ட வேண்டும்.

இது வெறும் பண்பாடு பற்றிய பேச்சு அல்ல. ஒரு செய்தி யாரிடமிருந்து வந்தது என்று எழுதியிருந்தால்தான் அடுத்து வருபவர் அதைச் சரிபார்க்க முடியும். எங்கள் மலரில் அந்த 29 பெயர்களும் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. நாளை ஒருவர் "இது இவரில்லை" என்றால் யாரிடம் போய்க் கேட்பார்? அந்த அம்மாவின் பெயரை விட்டதால் நான் அவரை மட்டும் அவமதிக்கவில்லை, செய்தியையும் ஆதாரமற்றதாக்கிவிட்டேன்.

வகுப்பறையில் மூன்று பாடவேளைகள்

முதல் பாடவேளை: இக்கட்டுரையிலுள்ள அபெரிஸ்ட்வித் செய்திகளில் ஐந்தைக் கரும்பலகையில் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள்: முதலில் பதிந்தவர் யாராக இருக்கும்? பாதுகாத்தவர் யார்? நம்மிடம் கொண்டுவந்தவர் யார்? குழுவாகக் கலந்துரையாடி விடை எழுதட்டும். வரலாறு பல கைகள் மாறி வருகிறது என்பதை மாணவர்களே கண்டறிவார்கள்.

இரண்டாம் பாடவேளை: ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள ஒரு பழைய படத்தைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டு ஐந்து வரி எழுதி வரட்டும். படம் இல்லாத வீட்டுக் குழந்தை ஒரு பாத்திரத்தையோ மரத்தையோ பற்றிக் கேட்கலாம். சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார், பெயர் போட ஒப்புக்கொண்டாரா என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். தொடக்க வகுப்புக் குழந்தைகள் வாய்மொழியாகச் சொன்னால் போதும். ஆசிரியர் எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாம் பாடவேளை: அந்தக் குறிப்புக்கு ஒரே ஒரு நன்றி வாக்கியம் எழுதுதல். பெயர், செய்த உதவி, அதனால் நமக்குத் தெரிந்த செய்தி ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றும் உள்ளனவா என்பதே மதிப்பீடு. பின்னர் அந்த வாக்கியத்தை உரியவரிடம் குழந்தையே வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட வேண்டாம்.

எங்கள் மலரை மறுபடி அச்சிட வழியில்லை. மீதமிருந்த படிகளில் ஒரு சீட்டு அச்சிட்டு மாணவர்களோடு உட்கார்ந்து ஒட்டினேன். "குழுப் படத்தில் உள்ள 34 பேரில் 29 பேரை அடையாளம் சொன்னவர்" என்ற வரியும் அவர் பெயரும் அதில் இருந்தன. ஒரு படியை எடுத்துக்கொண்டு அந்த மாணவியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பேத்தி வாசித்தாள். அந்த அம்மா சீட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"விட்டுப்போச்சும்மா, என் தப்புதான்" என்றேன்.

"அதனால என்ன டீச்சர்" என்றவர், மலரை வாங்கி அந்தப் படத்தைத் திருப்பச் சொன்னார். மூன்றாவது வரிசையில் ஓரமாக நின்ற ஒரு சிறுவனின் முகத்தில் விரலை வைத்தார்.

"இவன் பேரு அன்னைக்கு ஞாபகம் வரல. இப்ப வந்துருச்சு, எழுதிக்கங்க" என்றார்.

இப்போது எங்களிடம் 30 பெயர்கள் இருக்கின்றன.